சிஎன்சி ரௌட்டருக்கு டிசைன் செய்யக் கற்பது: ஒரு வீட்டுப் பெயர்ப்பலகையில் தொடங்கி, படிப்படியாக

கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரௌட்டர் மெஷினை வாங்கியவர்கள் அதை ஓட்டச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். பிட் (சுழன்று வெட்டும் முனை) மாட்டுவது, பலகையைக் கிளாம்ப் செய்வது, ஜீரோ (அளவு தொடங்கும் புள்ளி) வைப்பது, ஸ்டார்ட் அழுத்துவது எல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். டிசைன்தான் மாதக்கணக்கில் இழுக்கும். யாரோ செய்த ஃபைலை வாங்கி வாங்கி ஓட்டுவார்கள். "இதே மாதிரி, ஆனால் எங்கள் வீட்டுப் பெயர் போட்டு வேண்டும்" என்று ஒருவர் வந்து கேட்டால், மறுபடி டிசைனரின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

சாஃப்ட்வேரைப் பட்டன் பட்டனாகக் கற்க உட்காருவதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டால் பத்து நாளில் அலுத்துவிடும். அதைவிட, ஒரு சின்ன வேலையை எடுத்து எழுத்திலிருந்து மரத்தூள் வரை முழுசாக முடியுங்கள். அந்த வேலைக்குத் தேவையான பட்டன்கள் தானாக மனதில் தங்கும். இங்கே நாம் எடுக்கும் வேலை, "அன்பு இல்லம்" என்று செதுக்கிய ஒரு பெயர்ப்பலகை. நீளம் 600 மி.மீ., உயரம் 200 மி.மீ., தடிமன் 25 மி.மீ., மரம் தேக்கு. முதல் இரண்டு மூன்று முறை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் தேக்கில் கை வையுங்கள்.

கோடு, பாதை, கட்டளை

கம்ப்யூட்டரில் நடக்கும் வேலைக்கு மூன்று கட்டம் உண்டு. முதலில் வெக்டர், அதாவது அளவுள்ள கோடு. போட்டோவில் இருப்பது புள்ளிகளின் கூட்டம். வெக்டரில் இருப்பது இங்கே தொடங்கி இப்படி வளைந்து அங்கே முடிகிற கோடு. மெஷினுக்குப் புரிவது கோடு மட்டும்தான். இரண்டாவது டூல்பாத். அந்தக் கோட்டை எந்த பிட், எவ்வளவு ஆழத்தில், கோட்டின் உள்ளேயா வெளியேயா மேலேயா, எத்தனை தடவையில் வெட்டப் போகிறது என்ற கணக்கு அது. மூன்றாவது ஜி-கோடு. டூல்பாத்தை மெஷினின் மொழியில் எழுதிய பட்டியல்.

ஜி-கோடைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஜி0 என்றால் வெட்டாமல் வேகமாக நகர்வது. ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் நேராக வெட்டிக்கொண்டு போவது. ஜி2 கடிகாரச் சுற்றில் வளைவது, ஜி3 எதிர்ச் சுற்றில் வளைவது. ஜி21 என்றால் அளவெல்லாம் மி.மீ. கணக்கு. எம்3 எஸ்18000 என்று இருந்தால் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடட்டும், எம்5 என்றால் நிற்கட்டும். இதை நீங்கள் கையால் எழுதப் போவதில்லை. ஆனால் மெஷின் ஏன் இப்படிப் போகிறது என்று சந்தேகம் வரும் நாளில் இந்த நாலு வரி கைகொடுக்கும்.

எந்த சாஃப்ட்வேரில் தொடங்குவது

மரத்துக்கும் போர்டு வேலைக்கும் இங்கிலாந்தின் வெக்ட்ரிக் நிறுவனத்தின் வி-கார்வ் மிகப் பொருத்தம். வரைவது, டூல்பாத் போடுவது இரண்டும் ஒரே திரையில் நடக்கும். அதன் டெஸ்க்டாப் பதிப்பில் ஜாப் அளவுக்கு 25 அங்குலம் × 25 அங்குலம் என்ற வரம்பு உண்டு. 8 × 4 அடி ஷீட்டில் வேலை செய்யப் போகிறவர்கள் புரோ பதிப்பைப் பார்க்க வேண்டும். சாமி உருவம், பூ வேலைப்பாடு மாதிரி புடைப்பு வேலையைச் சொந்தமாக உருவாக்க அஸ்பயர். சோதனைப் பதிப்பு இலவசம். அதில் எல்லாம் வரையலாம், டூல்பாத் போட்டுத் திரையில் பார்க்கலாம், உங்கள் டிசைனின் ஜி-கோடை மட்டும் வெளியே எடுக்க முடியாது. கற்பதற்கு அது போதும். வெக்ட்ரிக் நிறுவனமே இலவசப் பயிற்சி வீடியோக்களும் வைத்திருக்கிறது.

பழைய கடைகளில் ஆர்ட்கேம் இருக்கும். டெல்கேம் நிறுவனம் உருவாக்கிய அதை 2014-ல் ஆட்டோடெஸ்க் வாங்கி, 2018-ல் நிறுத்திவிட்டது. அதன் தொடர்ச்சியாக இன்று வருவது கார்வேகோ. ஆர்ட்கேம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார் என்றால் அதிலேயே கற்கலாம், அடிப்படை ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர், நின்றுபோன சாஃப்ட்வேரின் திருட்டுப் பிரதியைத் தேடி அலைவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பணம் போட முடியாத நிலையா? எஃப்-என்கிரேவ், ஃப்ரீகேட் இருக்கின்றன. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே இங்க்ஸ்கேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இலவசம். தமிழ் எழுத்துக்கு அது இல்லாமல் நான் வேலை தொடங்குவதே இல்லை. காரணம் கீழே வருகிறது.

ஜாப் செட்டப்: மூன்று எண், ஒரு முடிவு

வி-கார்வில் புது ஃபைல் திறந்ததும் அகலம், உயரம், தடிமன் கேட்கும். கடைக்காரர் சொன்ன தடிமனைப் போடாதீர்கள். 18 மி.மீ. என்று விற்கும் ஷீட் பல நேரம் அரை மி.மீ. குறைவாகவே இருக்கும். வெர்னியர் வைத்து நாலு மூலையிலும் அளந்து போடுங்கள். ஆசாரி நூல் கணக்கில் சொன்னால், ஒரு அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. சின்ன பிட்களின் தண்டு 3.175 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது சரியாக ஒரு நூல்.

எண்களுக்கு அப்புறம் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இசட் ஜீரோ, அதாவது உயரக் கணக்கு தொடங்கும் இடம், பலகையின் மேல்பக்கமா, பலகை படுத்திருக்கும் மெஷின் பெட்டா? சாஃப்ட்வேரில் எதைச் சொன்னீர்களோ மெஷினிலும் அதையேதான் வைக்க வேண்டும். நான் கற்ற புதிதில், சாஃப்ட்வேரில் மேல்பக்கம் என்று போட்டுவிட்டு மெஷினில் பெட்டைத் தொட்டு ஜீரோ வைத்தேன். வெட்டாமல் நகரும்போது பிட் பலகைக்கு மேல் 5 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மெஷினுக்கோ அது பெட்டிலிருந்து 5 மி.மீ., அதாவது 25 மி.மீ. பலகைக்குள் 20 மி.மீ. ஆழம். ஸ்டார்ட் அழுத்தியதும் முழு வேகத்தில் பலகைக்குள் இறங்கியது. பிட் முறிந்து பட்டறையின் மறுகோடிக்குப் பறந்தது. யார் மேலும் படாதது அன்றைய அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஃபைல் பெயரிலேயே "மேல்ஜீரோ" அல்லது "பெட்ஜீரோ" என்று சேர்த்து எழுதுகிறேன். எழுத்துச் செதுக்கும் வேலைக்கு எப்போதும் மேல்பக்கம்தான். ஆழம் மேலிருந்துதானே கணக்காகிறது.

எக்ஸ், ஒய் ஜீரோவுக்கு இடது கீழ் மூலை வசதி.

தமிழ் எழுத்தைக் கொண்டுவருவது

ஆங்கிலப் பயிற்சி வீடியோக்கள் எதிலும் வராத பகுதி இது. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது, "கொ"வில் முன்னும் பின்னும் பிரித்து வைப்பது, பு, லு போன்றவற்றுக்கு ஒட்டிய வடிவத்தை எடுப்பது எல்லாம் எழுத்தமைக்கும் இன்ஜினின் வேலை. அந்த இன்ஜின் இல்லாத சாஃப்ட்வேரில் கொம்பு பின்னால் நிற்கும், புள்ளி வட்டம் ஒன்று கூடவே வரும். உங்கள் சாஃப்ட்வேரின் எழுத்துக் கருவியில் "கொடி", "புலி", "ஶ்ரீ" மூன்றையும் தட்டிப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் கவலை இல்லை. ஒன்று சிதைந்தாலும் இங்க்ஸ்கேப்புக்குப் போய்விடுங்கள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் தட்டினால் எந்த சாஃப்ட்வேரிலும் வரும் என்பது உண்மைதான், ஆனால் வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் யூனிகோட் பெயரை அதில் அப்படியே ஒட்ட முடியாது. மறுபடி தட்டும்போது எழுத்துப் பிழை நுழையும். மரத்தில் செதுக்கிய பிழையை அழிக்க ரப்பர் கிடையாது.

இங்க்ஸ்கேப்பில் செய்ய வேண்டியது இது. பெயரைத் தட்டி ஃபான்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், பவனம், மீரா இனிமை எல்லாம் இலவசம், திறந்த உரிமம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். கேட்டமரானில் மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது தடிமன் இருப்பதால் போர்டு வேலைக்கு எனக்கு அதுதான் முதல் கை. பிறகு பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். எழுத்து இப்போது கோடாகிவிடும். அன்குரூப் செய்து, அதே மெனுவில் யூனியன் கொடுங்கள். பல தமிழ் ஃபான்ட்களில் ஒரு எழுத்தின் இரண்டு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். யூனியன் கொடுக்காவிட்டால் எழுத்தின் நடுவே தேவையில்லாத கோடு ஒன்றை மெஷின் வெட்டும்.

சேமிப்பதற்கு முன் எழுத்துக்குப் பக்கத்தில் 100 × 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்துவிடுங்கள். எஸ்விஜி (வெக்டர் ஃபைல்) ஆகச் சேமித்து வி-கார்வில் இறக்கியதும் முதலில் அந்தச் சதுரத்தை அளந்து பாருங்கள். 100 என்று காட்டினால் அழித்துவிட்டு வேலையைத் தொடரலாம். 106.67 அல்லது 93.75 என்று காட்டினால், ஒரு சாஃப்ட்வேர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்றும் இன்னொன்று 96 புள்ளி என்றும் கணக்குப் போடுகிறது. இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பில்தான் 90-லிருந்து 96-க்கு மாறியது. அதற்கு முன் செய்த பழைய ஃபைல்களில் இது வரும். 25.4 மடங்கு மாறியிருந்தால் அங்குலமும் மி.மீ.-யும் குழம்பியிருக்கிறது.

கோட்டைச் சுத்தம் செய்வது

டூல்பாத் போடும் முன் வெக்டர் எல்லாம் மூடியிருக்க வேண்டும். கோலத்தில் ஒரு இழை புள்ளியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேருமே, அதுபோல. கண்ணுக்குத் தெரியாத 0.1 மி.மீ. இடைவெளி இருந்தாலும் உள்ளே எது, வெளியே எது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. வெக்டர் வேலிடேட்டர் என்ற கருவி இந்த இடங்களைக் காட்டும், ஜாயின் ஓபன் வெக்டர்ஸ் அதை ஒட்டிவிடும். ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

போட்டோவிலிருந்து சாஃப்ட்வேர் தானாக டிரேஸ் செய்த கோட்டில் ஆயிரக்கணக்கில் நோட் (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி) இருக்கும். அப்படியே வெட்டினால் மெஷின் ஒவ்வொரு நோட்டிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் பிசிறாக வரும். முக்கியமான வேலைக்கு டிரேஸை நம்பாமல், படத்தை அடியில் வைத்து அதன்மேல் நீங்களே வளைவு வரையுங்கள். "இ"யின் சுழியை இப்படி நாலைந்து நோட்டில் வரைந்து பழகினாலே நோட் எடிட்டிங் வந்துவிடும்.

வி-கார்விங்: பெயர்ப்பலகையின் உயிர்

சாதாரண பிட் ஒரே அகலத்தில்தான் வெட்டும். வி-பிட்டின் நுனி கூம்பு. மேலே இருந்தால் மெல்லிய கோடு, உள்ளே இறங்க இறங்க அகலமான கோடு. எழுத்தின் இரண்டு ஓரங்களுக்கும் சரியாக நடுவில் பிட்டை ஓட்டி, அகலம் கூடும் இடத்தில் இறக்கி, குறையும் இடத்தில் ஏற்றி, ஓரங்களைத் தொட்டுக்கொண்டே போகும்படி சாஃப்ட்வேர் கணக்கிடுகிறது. மூலைக்கு வரும்போது பிட் மேலே எழுந்து நுனியால் முடிப்பதால், உளியால் செதுக்கியது மாதிரி கூரான மூலை கிடைக்கும்.

இதில் ஆழத்தை நீங்கள் சொல்வதில்லை. எழுத்துக் கோட்டின் அகலமே ஆழத்தைத் தீர்மானிக்கிறது. 90 டிகிரி பிட்டில் ஆழம் அகலத்தில் பாதி. "அன்பு இல்லம்" எழுத்துக் கோட்டின் அகலம் 9 மி.மீ. என்றால் ஆழம் 4.5 மி.மீ. அதே எழுத்தை 60 டிகிரி பிட்டில் வெட்டினால் ஆழம் அகலத்தின் 0.866 மடங்கு, கிட்டத்தட்ட 7.8 மி.மீ. நிழல் நன்றாக விழும், நேரமும் அதிகம் எடுக்கும். சாஃப்ட்வேரில் 90 என்று சொல்லிவிட்டு மெஷினில் 60 மாட்டினால் எழுத்து மெலிந்துவிடும்.

கடை போர்டுக்கு 40 மி.மீ. தடிமன் எழுத்து போட்டால் 90 டிகிரி பிட் 20 மி.மீ. இறங்கும். 18 மி.மீ. எம்டிஎஃப் அடிவரை போய்விடும். அதற்குத்தான் ஃபிளாட் டெப்த், அதாவது ஆழத்துக்கு ஒரு வரம்பு. 6 மி.மீ. என்று கொடுத்தால் ஓரம் மட்டும் சரிவாகவும் நடு தட்டையாகவும் வரும். நடுவைச் சுத்தம் செய்ய 6 மி.மீ. எண்ட் மில் (நுனி தட்டையான பிட்) ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், வி-பிட்டால் தட்டையாக வழிக்க நினைத்தால் ராத்திரியாகிவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 90 டிகிரி பிட்டில் பலகை 0.5 மி.மீ. மேடு பள்ளமாக இருந்தால் எழுத்தின் அகலம் 1 மி.மீ. மாறும். 9 மி.மீ. எழுத்தில் தெரியாது, 2 மி.மீ. மெல்லிய எழுத்தில் பாதி காணாமலே போகும். சின்ன எழுத்து செதுக்கும் முன் பலகையின் மேல்பக்கத்தை அகலமான சர்ஃபேசிங் பிட்டால் ஒரு முறை வழித்துவிடுங்கள்.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது சுழி. "இ", "ண", "ஞ" இவற்றில் கோடுகளுக்கு நடுவே மெல்லிய மரச் சுவர் நிற்கும். அது ஒரு நூலுக்குக் குறைந்தால், நார் குறுக்கே ஓடும் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் மெல்லிய ஃபான்ட்டுக்கு மாறுங்கள். இரண்டாவது புள்ளி. வி-கார்விங்கில் புள்ளி அழகான குழியாக வரும், 10 மி.மீ. வட்டம் என்றால் 5 மி.மீ. ஆழக் கூம்பு. ஆனால் எழுத்தைத் தனித்தனியாக வெட்டியெடுத்து ஒட்டும் அக்ரிலிக் போர்டில் புள்ளி தனித் துண்டாகப் பிரிந்துவிடும். "அன்பு இல்லம்" என்பதில் மட்டும் மூன்று புள்ளி. எழுத்து வெட்டிய பிறகு மிஞ்சும் ஓட்டை ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதைச் சுவரில் பிடித்து, ஓட்டைக்குள் எழுத்தையும் புள்ளியையும் வைத்து ஒட்டினால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்காரும்.

வேகம், ஆழம்

டூல் டேட்டாபேஸில் இருக்கும் எண்களை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் மெஷினின் பலம் அதற்குத் தெரியாது. கணக்கு எளிது: சுற்று × பிட்டின் வெட்டுவாய் எண்ணிக்கை × ஒரு வாய் கடிக்கும் அளவு. 18,000 சுற்று, 2 வாய், 0.1 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. இது உறுதியான மெஷினுக்கு. சின்ன மெஷினில் பாதியில் தொடங்கி ஏற்றுங்கள். மரத்தூள் மாவாக வந்து, பிட் சூடாகிக் கருகல் வாசனை அடித்தால் மெதுவாகப் போகிறீர்கள். பிட் தேய்க்கிறது, வெட்டவில்லை. சீவல் சீவலாக வந்தால் சரி. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். தேக்குக்கென்று ஒரு பிட்டைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு தடவைக்கு இறங்கும் ஆழம் பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் வேண்டாம், கை பழகும் வரை.

பலகையை வெட்டியெடுப்பது

எழுத்து முடிந்த பிறகுதான் வெளிக்கோடு. புரொஃபைல் டூல்பாத்தில் "வெளியே" என்று கொடுங்கள், 6 மி.மீ. பிட் கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஓடும், பலகை சொன்ன அளவில் கிடைக்கும். "கோட்டின் மேல்" என்று கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறையும். 25 மி.மீ. தடிமனை 3 மி.மீ. வீதம் ஒன்பது சுற்றில் முடிக்கலாம். நாலு இடத்தில் டேப் (பலகையைப் பிடித்துக்கொள்ள வெட்டாமல் விடும் சின்னத் துண்டு) விடுங்கள், 8 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரம். டேப் இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் பலகை விடுபட்டு பிட்டோடு மோதும்.

பூஜையறைக் கதவுக்கு ஜாலி (துளைத் துளையான வேலைப்பாடு) வெட்டும்போது உள்மூலை வட்டமாகத்தான் வரும். 6 மி.மீ. பிட் 3 மி.மீ. ஆரம் விட்டுப் போகும். டிசைனிலேயே அதை எதிர்பார்த்து வளைவு கொடுங்கள், அல்லது உளியால் மூலையைக் கூராக்கும் வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்றில் ஒன்று சொருகும் துண்டு என்றால் மூலையில் டாக்போன் ஃபில்லெட் (மூலைக்கு வெளியே சற்று நீளும் வட்டக் குழி) போட வேண்டும்.

திரையில் ஒரு முறை, காற்றில் ஒரு முறை

பிரிவியூவை ஓட்டி, எழுத்தின் உள்ளே பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி மூன்றும் இருக்கிறதா, "இ"யின் சுழி தூர்ந்துவிட்டதா, டேப் எழுத்துக்கு நேராக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும் தனி ஃபைலாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது போஸ்ட் பிராசசர் (மெஷினுக்கு ஏற்றபடி ஜி-கோடை எழுதும் பகுதி) பட்டியலில் உங்கள் கண்ட்ரோலரின், அதாவது மெஷினை இயக்கும் அமைப்பின், பெயரைத் தேடுங்கள்: ரிச்ஆட்டோ, மாக்3, ஜிஆர்பிஎல், எதுவோ அது. ஒரே கண்ட்ரோலருக்கு அங்குலம், மி.மீ. என்று இரண்டு இருக்கும், மி.மீ. எடுங்கள்.

மெஷினில் முதல் ஓட்டத்துக்கு இசட் ஜீரோவைப் பலகைக்கு 30 மி.மீ. மேலே வைத்து ஓட்டுங்கள். பிட் காற்றில் எழுதிக்கொண்டு போகும். பலகைக்குள் நிற்கிறதா, கிளாம்ப் மேல் மோதுமா என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிடம் போகும், போகட்டும். அதன் பிறகு சரியான ஜீரோவை மறுபடி வைத்து, கண்ணாடியும், எம்டிஎஃப் என்றால் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கையை அவசர நிறுத்தப் பட்டன் பக்கத்தில் வைத்தபடி தொடங்குங்கள்.

அடுத்து புடைப்பு வேலை

பத்துப் பலகை முடித்த பிறகு 3டி புடைப்புக்குப் போகலாம். அதற்கு முன் நேரக் கணக்கைப் போடப் பழகிக்கொள்ளுங்கள், விலை சொல்ல அதுதான் அடிப்படை. 600 × 300 மி.மீ. பிள்ளையார் பேனல், 3 மி.மீ. பால்நோஸ் (நுனி உருண்டையான) பிட், ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே நகரும் தூரம்) 0.3 மி.மீ. 300-ஐ 0.3-ஆல் வகுத்தால் 1,000 வரி. ஒரு வரி 600 மி.மீ., மொத்தம் 6,00,000 மி.மீ. நிமிடத்துக்கு 3,000 என்ற வேகத்தில் 200 நிமிடம், அதுவும் ஃபினிஷிங் மட்டும். ஸ்டெப்ஓவரை 0.5 ஆக்கினால் 120 நிமிடம். வரிகளுக்கு நடுவே நிற்கும் மேடு 0.0075 மி.மீ.-லிருந்து 0.02 மி.மீ. ஆகும், உப்புத்தாள் போடும் தேக்கில் அந்த வித்தியாசம் தெரியாது. 80 நிமிடம் மிச்சம். ஏற்ற இறக்கம் அதிகமுள்ள இடங்களில் மெஷின் சொன்ன வேகத்தை எட்டாது என்பதால், வாடிக்கையாளரிடம் நாள் சொல்லும்போது இந்தக் கணக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டியே சொல்கிறேன்.